கை சரியில்லை என்றார்கள்: பினாங்குப் பள்ளி முகாமில் 48 யோயோக்கள்

பின்னணி

பினாங்குத் தீவில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில், பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில் மூன்று நாள் முகாம் நடந்தது. மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை படிக்கும் 42 பிள்ளைகள் பெயர் கொடுத்திருந்தார்கள். மூன்று நாளும் பிள்ளைகள் கைப்பேசியைத் தொடக் கூடாது என்பதுதான் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஒரே நிபந்தனை. பல்லாங்குழி, பம்பரம், கோலாட்டம் எல்லாம் பட்டியலில் இருந்தன. யோயோவைச் சேர்த்தது நான்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நடந்ததில் என் பங்கும் இருக்கிறது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் பாகங்களைச் சரிபார்க்கும் பிரிவில் 17 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பெட்டியைத் திறந்து, மாதிரி எடுத்து, அளந்து பார்க்காமல் எதையும் உள்ளே விடமாட்டேன். பள்ளிக்கு வாங்கிய யோயோவில் மட்டும் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் பிள்ளைகள் கையில் கொடுத்தேன்.

வாங்கியது ஜார்ஜ்டவுனில் ஒரு மொத்த விலைக் கடையில். ஒன்று 5 ரிங்கிட் 50 சென். 48 யோயோவுக்கு 264 ரிங்கிட். பிள்ளைகளுக்கு 42, கையிருப்பு 6. கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக், சுற்றும்போது விளக்கு எரியும் வகை. உறையின் மேலட்டையில் ஒரு பையன் படம். அவன் விரலிலிருந்து தொங்கும் யோயோவின் இரண்டு பக்கமும் நீலமாக எரிகின்றன. பக்கத்தில் மூன்று வித்தைகள் வரைந்திருந்தார்கள்: தூங்குவது, நாயை நடத்துவது, தொட்டிலாட்டுவது. கடையில் ஒன்றைக் குலுக்கிப் பார்த்தேன், விளக்கு எரிந்தது. அத்தோடு என் பரிசோதனை முடிந்தது.

யோயோ பழகாதவர்களுக்காக ஒன்று. கயிறு முழுதும் அவிழ்ந்ததும் யோயோ உடனே மேலே ஏறாமல், அடியிலேயே தொங்கியபடி சுற்றினால் அதைத் தூங்குவது என்பார்கள். பம்பரம் ஓரிடத்தில் நின்று சுற்றுவதுபோல. பிறகு கயிற்றை இலேசாகச் சுண்டினால் ஏறிவந்து கைக்குள் விழ வேண்டும். மற்ற வித்தைகள் எல்லாம் இந்தத் தூக்கத்தை நம்பித்தான் இருக்கின்றன. தூங்காத யோயோவில் நாயும் நடக்காது, தொட்டிலும் ஆடாது.

முதல் நாள்

பயிற்சி கொடுக்க பட்டர்வொர்த்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில் போட்டிகளில் ஆடியவர். தன்னுடைய அலுமினிய யோயோவை எடுத்து வீசினார். நடுவில் பேரிங் வைத்தது அது. பிள்ளைகள் சத்தமாக எண்ணத் தொடங்கினார்கள். அறுபதைத் தாண்டியும் அது சுற்றிக்கொண்டிருந்தது. மண்டபமே கைதட்டியது.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மண்டபத்தில் கேட்டது ‘டக், டக்’ என்று பிளாஸ்டிக் சிமெண்டுத் தரையில் மோதும் சத்தம்தான். வருகைத் தாளின் பின்பக்கத்தில் நான் குறித்து வைத்தவை இவை. 42 பேரில் மூன்று பேரின் யோயோ மட்டும் அடியில் ஓரிரு நொடி சுற்றியது. பெரும்பாலானவை கயிறு முடியும் இடத்தில் ஒரு வெட்டு வெட்டி, பாதி உயரம் ஏறி, அங்கேயே ஊசலாடின. சில, ஏறும்போதே ஒரு பக்கமாகச் சாய்ந்து கயிற்றைக் கவ்விக்கொண்டன. சிறிய பிள்ளைகளின் யோயோ தரையில் பட்ட பிறகுதான் கயிறு முடிந்தது.

“மணிக்கட்டு தம்பி, மணிக்கட்டு. கை சரியில்ல” என்று பயிற்றுநர் ஒவ்வொருவராகத் திருத்திக்கொண்டே போனார். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் இடைவேளைக்குக்கூடப் போகாமல் வீசிக்கொண்டிருந்தான். நடுவிரலில் கயிறு இறுகிச் சிவப்பாக வளையம் விழுந்திருந்தது. கடைசியில் யோயோவை என்னிடம் நீட்டி, “எனக்கு வராது அங்கிள்” என்றான்.

“பழகப் பழக வரும்டா” என்றேன். எதையும் பார்க்காமல் சொன்ன பதில்.

பயிற்றுநர் அதைக் கேட்டுவிட்டு அந்த யோயோவை வாங்கித் தானே வீசினார். நான்கு முறை. நான்கு முறையும் அது அடியில் நிற்காமல் துள்ளி மேலே வந்தது. ஒரு முறை விரல் கணுவில் அடித்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “புதுக் கயிறுங்க, இறுக்கமா இருக்கு. ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்றார். நாங்களும் தலையாட்டினோம்.

பின்னால் எல்லாவற்றையும் எழுதி அடுக்கியபோது என் மனம் திரும்பத் திரும்ப வந்து நின்றது இந்த இடத்தில்தான். பழகிய கையிலும் அது தூங்கவில்லை. நிறுத்துவதற்குத் தேவையான சான்று முதல் நாள் காலையிலேயே எங்கள் கண் முன்னால் இருந்தது. பிள்ளைகளுக்குக் கை சரியில்லை, அவருக்குக் கயிறு சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டோம்.

இரண்டாம் நாள்: இரண்டு சம்பவங்கள்

காலை பத்து மணி வாக்கில் ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவர் வீசிய யோயோவின் கயிறு அச்சுக்கு அருகே அறுந்தது. யோயோ மண்டபத்தின் குறுக்கே பறந்து, சுவரோரம் உட்கார்ந்திருந்த மூன்றாம் ஆண்டுப் பெண்பிள்ளையின் புருவத்தில் பட்டது. தோல் கிழியவில்லை, வீங்கியது. சிற்றுண்டிச்சாலையில் ஐஸ் வாங்கி வைத்தோம். பிள்ளையின் அம்மாவுக்கு ஆசிரியை உடனே போன் செய்தார். அவர் வந்து கிளினிக்கிற்கு அழைத்துப்போய்க் காட்டினார். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. விரலின் அகலம் கீழே பட்டிருந்தால் இதை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

அப்போதும் நாங்கள் நிறுத்தவில்லை. கயிறுகளைப் பார்த்து, நைந்து போயிருந்த நான்கை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி நிற்கச் சொன்னோம்.

அரை மணி நேரம் கழித்து ஒரு யோயோ தரையில் மோதி இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி உருண்டு மேடைக்கடியில் போனது. இன்னொரு பாதியின் மூடி கழன்று, உள்ளேயிருந்த பொத்தான் மின்கலங்கள் சிதறின. மூன்று இருக்க வேண்டும், இரண்டுதான் கிடைத்தன. எல்லாரும் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது, ஆசிரியை ஒருவர் சத்தமே இல்லாமல் எழுந்துபோய், மண்டப வாசலில் நின்றிருந்த ஒரு சின்னப் பையனின் கையைப் பிடித்து மெதுவாக விரித்தார். அக்காவைக் கூட்டிப்போக வந்த அம்மாவோடு வந்திருந்த குழந்தை அது. நான்கு வயது இருக்கும். உள்ளங்கையில் மூன்றாவது மின்கலம் பளபளவென்று இருந்தது.

நிறுத்தும் முடிவும் அதன் காரணமும்

ஆசிரியை என்னைத் தனியே அழைத்து, “சார், இதுக்கு மேல வேணாம்” என்றார். ஐந்து நிமிடத்தில் 48ஐயும் எண்ணி வாங்கி அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டினோம். அன்றைக்குப் பிள்ளைகளின் ஏமாற்றம் பெரிதாக இருந்தது. ஒரு பெண், “நாங்க என்ன தப்பு செஞ்சோம் டீச்சர்?” என்று கேட்டாள்.

முடிவுக்குக் காரணமாக நின்றது புருவத்தில் பட்ட அடியைவிட அந்த மின்கலம்தான். விழுங்கிய பொத்தான் மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து அந்த இடத்தில் காரம் உண்டாகித் தசையை அரிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஆகலாம். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் வகை மிக ஆபத்தானது. எங்கள் கையில் கிடைத்தவை சிறியவை, எல்ஆர்44 வகை. அதனால் ஆபத்து குறைவு என்று சொல்லலாம், இல்லை என்று சொல்ல முடியாது. தேசிய நச்சு மையம் இதே தீவில், அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் இருப்பது எனக்குத் தெரியும். அங்கே போன் செய்ய வேண்டிய நிலை வரவில்லை என்பதை நல்ல காலம் என்றுதான் எழுத வேண்டும். எங்கள் திறமை அதில் எதுவும் இல்லை.

தலைமையாசிரியர் இரண்டு விஷயங்கள் கேட்டார். ஒன்று, பெற்றோருக்கு அன்றே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டு, தவறு எங்கே என்று தெரியாமல் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடக் கூடாது. பெட்டி என் வீட்டுக்கு வந்தது இரண்டாவது காரணத்தால்.

சாப்பாட்டு மேசையில் பிரித்துப் பார்த்தது

என்னிடம் இருந்தவை நுண்ணளவு பார்க்கும் ஒரு வெர்னியர், 0.1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, விமானப் பயணத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு. தொழிற்சாலையில் பின்பற்றும் ஒரு வழக்கத்தை மட்டும் கடைப்பிடித்தேன்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. இரண்டை மாற்றிவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும்.

முதலில் கயிறு. 12 யோயோக்களைப் பிரித்தேன். பன்னிரண்டிலும் கயிறு அச்சில் முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. ஒன்பதில் முடிச்சின் மேல் ஒரு துளிப் பசையும் இருந்தது. தூங்காததன் காரணம் இங்கே முடிந்துவிடுகிறது. கயிறு அச்சோடு இறுகக் கட்டப்பட்டால், கயிறு தீர்ந்த கணமே அச்சு அதை எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கிவிடும். நின்று சுற்ற இடமே கிடையாது. அந்த நொடியில் விழும் வெட்டில் வேகத்தின் ஒரு பங்கும் போய்விடும், ஆகவே பாதி வழிதான் ஏறும். யார் வீசினாலும் இப்படித்தான்.

தூங்க வேண்டிய யோயோவில் கயிறு கட்டப்படுவதில்லை, மாட்டப்படுகிறது. ஒரு நீள நூலை இரண்டாக மடித்து முறுக்கினால், மடிந்த முனையில் ஒரு கண்ணி தானாக வரும். அந்தக் கண்ணிக்குள் அச்சு வழுக்கிச் சுற்றும். 1928இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் யோயோ தயாரிக்கத் தொடங்கிய பிலிப்பைன்ஸ்காரர் பெத்ரோ ஃபுளோரஸின் யோயோ அமெரிக்கர்களுக்குப் புதுமையாக இருந்ததற்குக் காரணமே இந்தக் கண்ணிதான். அதற்கு முன்பு மேற்கில் புழங்கியவற்றில் கயிறு அச்சோடு கட்டியே இருந்தது. இறங்கும், ஏறும், வேறு வேலை தெரியாது. எங்கள் 48ம் விளக்கு வைத்த, 1928க்கு முந்திய யோயோக்கள். அட்டையில் மட்டும் பிற்கால வித்தைகள்.

முதல் நாள் மூன்று பேருக்கு மட்டும் எப்படிச் சுற்றியது என்பது என்னை உறுத்திக்கொண்டிருந்தது. அந்த மூன்றையும் பிள்ளைகள் பெயர் எழுதி வைத்திருந்ததால் கண்டுபிடிக்க முடிந்தது. மூன்றிலும் பசை இல்லை, முடிச்சு தளர்ந்து அச்சில் வழுக்கியது. அதாவது, தயாரிப்பாளர் கணக்கில் ‘தவறாக’ வந்தவைதான் கொஞ்சமாவது தூங்கின.

அடுத்து, ஒரு யோயோவின் முடிச்சை அறுத்துவிட்டுக் கண்ணிக் கயிறு மாட்டினேன். வேறெதையும் தொடவில்லை. தூங்கியது, ஆனால் நான்கைந்து நொடிதான். அதுவும் நேராக நிற்காமல், கயிற்றை அச்சாக வைத்து மெல்ல மெல்ல முகம் திருப்பிக்கொண்டே போய், கடைசியில் சாய்ந்து, கயிற்றில் உரசி நின்றது. “அது திரும்பிக்கிட்டே போகுது அங்கிள்” என்று ஒரு பிள்ளை முகாமிலேயே சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தராசில் வைத்ததும் புரிந்தது. அட்டைப்படத்தில் இரண்டு பக்கமும் எரியும் விளக்கு, உண்மையில் ஒரு பாதியில் மட்டுமே இருந்தது. விளக்கில்லாத பாதி 21 கிராம் அளவில் நின்றது. விளக்குப் பாதி 26 முதல் 28 கிராம் வரை. ஒரு பக்கம் கனத்தால், நிற்கும் யோயோ அந்தப் பக்கம் சாயும். சுற்றும் யோயோ சாய்வதற்குப் பதிலாகத் திரும்பும், தளரும் பம்பரம் தலையைச் சுழற்றுவதும் இதே கணக்குத்தான். சுழற்சி குறையக் குறையத் திரும்பும் வேகம் கூடும், பிறகு சாய்வு. இதற்கு மேல், நடுவில் அச்சு போவதால் மின்கலங்களை நடுவிலும் வைக்க முடியாமல் அச்சுக்கு ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தார்கள். ஆறு கிராம் சுமை ஒரு பக்கமாக உட்கார்ந்தால் அதிர்வு வராமல் என்ன செய்யும்? விரலில் அந்த அதிர்வு தெளிவாகத் தெரிந்தது.

விளக்கை எரிய வைக்கும் அமைப்பு மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. தலைமுடி கனத்தில் ஒரு சின்னச் சுருள்கம்பி. யோயோ சுற்றும்போது அது வெளிப்பக்கமாக வளைந்து ஒரு தகட்டைத் தொட, விளக்கு எரிகிறது. நின்றால் அணைகிறது. பொத்தான் இல்லை, எதுவும் இல்லை. மொத்தப் பொருளிலும் யாரோ உட்கார்ந்து யோசித்த இடம் அதுதான். மற்றபடி எடை முழுவதும் நடுவில் குவிந்து, விளிம்பு முட்டை ஓடுபோல இருந்தது. நெடுநேரம் சுற்றும் யோயோக்களில் எடை விளிம்பில் இருக்கும். இன்று போட்டிகளில் ஆடுபவை பெரும்பாலும் 60 முதல் 68 கிராம், அதில் பெரும்பங்கு விளிம்பில். இது மொத்தமே 48 கிராம் சுமார், அதுவும் தப்பான இடத்தில்.

கயிறு அறுந்ததற்கும் விடை கிடைத்தது. பாதிகளின் உட்சுவரில், அச்சைச் சுற்றி, வார்ப்பில் வந்த பிசிறு நீக்கப்படாமல் இருந்தது. நகத்தால் தடவினால் சிக்கியது. முகாமில் எடுத்து வைத்த நான்கு கயிறும், அறுந்த ஒன்றும், அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள்தான் நைந்திருந்தன.

பிரிந்து போனதுதான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. அச்சு என்பது வழவழப்பான ஓர் இரும்புக் கம்பி. மரையும் இல்லை, பிடிப்புக்கான வரிகளும் இல்லை. இரண்டு பாதிகளையும் அதன் மேல் அடித்து இறுக்கியிருந்தார்கள். தொங்கு தராசில் மாட்டி இழுத்தேன். பிரிக்காத யோயோக்களில் எட்டை இப்படிச் சோதித்ததில், ஒன்று 9 கிலோவில் கழன்றது, ஒன்று 3 கிலோவைத் தாண்டவில்லை. இவ்வளவு வேறுபாடு என்றால் துளையின் அளவைத் தொழிற்சாலையில் யாரும் கட்டுப்படுத்தவில்லை என்று பொருள். பிறகு கையிருப்பில் இருந்த, யாரும் ஆடாத ஒன்றைக் கயிறு கட்டியபடியே தரையில் விளிம்பு படுமாறு இருபது முறை விழவிட்டேன். இடைவெளி 1.8 மில்லிமீட்டரிலிருந்து 2.6க்கு விரிந்திருந்தது. ஒவ்வொரு மோதலும் பாதியைக் கம்பியின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து வெளியே தள்ளுகிறது.

ஏன் அத்தனை முறை தரையில் மோதியது? கயிறு 105 சென்டிமீட்டர். ஆடுபவர் நிற்கும்போது தரையிலிருந்து தொப்புள் உயரம் வரை இருந்தால் போதும் என்பது யோயோ ஆடுகிறவர்களின் பொது அளவு. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது 80 சென்டிமீட்டர்கூட வராது. கயிற்றை வெட்டிக் கட்டச் சொல்லும் ஒரு வரிகூட உறையில் இல்லை. ஆக, நீளமான கயிறு தரையில் மோத வைத்தது, மோதல் பிடிப்பைத் தளர்த்தியது, தளர்ந்த பாதி கழன்றது, கழன்ற அதிர்ச்சியில் மூடி திறந்தது. மூடிக்குத் திருகாணி கிடையாது, நகத்தால் நெம்பினாலே வந்துவிட்டது. சின்ன மின்கலம் வைத்த பொம்மையின் மூடி கருவி இல்லாமல் திறக்கக் கூடாது என்பது பன்னாட்டுப் பொம்மைத் தரங்களின் அடிப்படை விதிகளில் ஒன்று.

நான் செய்த தவறான பழுது

இத்தனையும் கண்டுபிடித்த பெருமையில் ஒரு தப்பு செய்தேன். 264 ரிங்கிட் சங்கத்தின் காசு. பழுது பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. பத்து யோயோவுக்குக் கண்ணிக் கயிறு மாட்டி, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, தூக்கம் நீளட்டும் என்று அச்சில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன்.

தூக்கம் ஒன்பது நொடி ஆனது. பிறகு சுண்டினால் வரவே இல்லை. அடியில் சுற்றிச் சுற்றி, அங்கேயே ஓய்ந்து தொங்கியது. யோசித்தால் சிரிப்பு வருகிறது. யோயோ மேலே வருவதற்கு உராய்வு வேண்டும். சுண்டும்போது தளரும் கயிற்றை அச்சும் சுவரும் பிடித்தால்தான் சுற்றத் தொடங்கும். தூங்குவதற்கோ உராய்வு குறைய வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் பார்த்து நிறுத்துவதுதான் யோயோ வடிவமைப்பின் முழு வேலையும். பேரிங் வைப்பவர்கள் அதன் பக்கத்தில் ரப்பர் பட்டையோ சிலிக்கான் பட்டையோ ஒட்டுவது இதற்காக. 1980களில் யொமேகா நிறுவனம் விற்ற ‘பிரெய்ன்’ யோயோவில் சுழற்சி குறைந்ததும் தானே அச்சைக் கவ்விக்கொள்ளும் சிறு கைகள் இருந்ததும் இதற்காகத்தான். நான் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து எண்ணெய் விட்டேன்.

பிரிந்து போகாமல் இருக்க அச்சில் உடனடிப் பசை ஊற்றியது அதைவிட மோசம். மறுநாள் காலையில் கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் வெள்ளைப் படலம் படிந்து, துளையைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் ஓடியிருந்தன. ஆசிரியைக்குப் படம் அனுப்பினேன். “உங்க பிள்ளைக்கு இதக் குடுப்பீங்களா சார்?” என்று ஒரு வரி பதில் வந்தது. அத்தோடு பழுது பார்க்கும் வேலையை விட்டேன். பசை ஊற்றியதில் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பையும் அந்தப் பத்துக்கு நானே கெடுத்துக்கொண்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

கடையிலும் அதற்குப் பிறகும்

நானும் சங்கத்தின் பொருளாளரும் போனோம். தவுக்கே, அதாவது கடை முதலாளி, முதலில் சொன்னது எதிர்பார்த்ததுதான்: பிள்ளைகள் முரட்டுத்தனமாக ஆடியிருப்பார்கள், பொம்மைக்கு என்ன உத்தரவாதம். நான் எதுவும் பேசாமல் அவர் கடையிலிருந்தே புதிதாக ஒன்றை எடுத்து, மூடியை நகத்தால் திறந்து, மின்கலங்களை அவர் மேசையில் கொட்டினேன். அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உறையில் எம்சி முத்திரை இல்லை என்பதைப் பொருளாளர் சுட்டிக்காட்டினார். பொம்மைகளுக்கான பாதுகாப்புத் தர விதிமுறைகள் மலேசியாவில் 2009இல் வந்தவை. தரத்துக்கு உட்பட்ட பொம்மைகளில் அந்த முத்திரை இருக்க வேண்டும். வாங்கும் நாளிலேயே நான் அட்டையைத் திருப்பிப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பதையும், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க 5 ரிங்கிட்தான் கட்டணம் என்பதையும் பொருளாளர் பேச்சோடு பேச்சாகச் சொல்லி வைத்தார். மிரட்டலாக இல்லை, அவர் குரலே அப்படித்தான்.

கடைசியில் 26க்குப் பணம் திரும்பக் கிடைத்தது, 143 ரிங்கிட். பிரித்த 12, நான் பாழாக்கிய 10, இவற்றுக்குக் கேட்கவில்லை. தவுக்கே அலமாரியிலிருந்த மீதியையும் எங்கள் எதிரிலேயே இறக்கிக் கட்டி வைத்தார். தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஆனால் முத்திரை இல்லாத சரக்கு பற்றி உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் பதிந்தோம். கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் செய்தோம். அவருக்கு வருத்தம்தான். அவர் ஒருவர் இறக்கி வைத்தால் இறக்குமதியாளரின் மற்றப் பெட்டிகள் எங்கும் போய்விடவில்லை என்பது எங்கள் பக்க நியாயம். பொருளாளருக்கு இதில் இன்றைக்கும் முழு உடன்பாடு இல்லை.

மாற்றும் அதன் விளைவும்

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, விட்டுப்போன பயிற்சியை மீண்டும் வைத்தோம். இம்முறை 14 யோயோ மட்டும், ஒன்று 22 ரிங்கிட், மொத்தம் 308. விளக்கு இல்லை, மரை வைத்த அச்சு, கையால் திருகிப் பிரித்துக் கயிறு மாற்றலாம். மூன்று பேருக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் ஆளுக்குத் தக்கபடி கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது, அது பெரிய தலைவலி. பிறகு மூன்று உயரங்களுக்கு மூன்று நிறக் கயிறு என்று பிரித்துக்கொண்டோம்.

அன்றைக்கு வந்தவர்கள் 31 பேர். இரண்டு மணி நேரத்தின் முடிவில் 24 பேருக்கு யோயோ தூங்கிக் கைக்கும் திரும்பியது. அதே பயிற்றுநர், அதே பிள்ளைகள். தொடங்குவதற்கு முன்பு பயிற்றுநர் முன்னால் வந்து, “போன தடவை உங்க கை சரியில்லன்னு சொன்னேன். தப்பு. யோயோதான் சரியில்ல” என்றார். ஐந்தாம் ஆண்டுப் பையன் வந்திருந்தான். முதல் அரை மணி நேரம் தொட மறுத்தான், மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

புருவத்தில் அடிபட்ட பெண்பிள்ளை வரவில்லை. அம்மா அனுப்பவில்லை. அதைத் தவறு என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

பிரித்துப் போட்ட 12 யோயோவும் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்துக்குப் போயின. ஆறாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பாதிகளையும் எடை போட்டு வேறுபாட்டைக் குறித்தார்கள். ஒரு குழு, கனம் குறைந்த பாதிக்குள் ஒரு 20 சென் காசைக் களிமண்ணால் ஒட்டிச் சமப்படுத்திப் பார்த்தது. திரும்புவது நன்றாகக் குறைந்தது, அதிர்வு போகவில்லை. காசை நடுவில் வைக்காமல், மின்கலம் உள்ள இடத்துக்கு நேர் எதிரே வைக்க வேண்டும் என்று அவர்களில் ஒருத்தி சொன்னாள். நான் அதுவரை யோசிக்காதது அது.

இனி மாற்றிச் செய்வது

பிள்ளைகளுக்கென்று எதை மொத்தமாக வாங்கினாலும், முதலில் இரண்டை மட்டும் வாங்கி, ஒன்றை ஆடிப் பார்த்து, ஒன்றை உடைத்துப் பார்ப்பது என்று சங்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். உடைப்பதற்கான செலவை யார் கணக்கில் எழுதுவது என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசினார்கள். அது தனிக் கதை. யோயோ என்றால் பார்க்க வேண்டியவை: கயிறு கண்ணியாக மாட்டியிருக்கிறதா, அச்சில் மரை இருக்கிறதா, இரண்டு பாதியும் ஒரே எடையா, உட்சுவரில் பிசிறு உண்டா, முத்திரை இருக்கிறதா. மின்கலம் உள்ளதை வாங்குவதே இல்லை.

பயிற்சியில் ஒரு மாற்றம். பத்து நிமிடத்தில் பாதிப் பேருக்கு வரவில்லை என்றால், கையைத் திருத்துவதற்கு முன் பயிற்றுநரே பிள்ளையின் பொருளை வாங்கி ஆடிப் பார்க்க வேண்டும். அவருக்கும் வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். முதல் சம்பவம் நடந்த உடனே நிறுத்தாமல் அரை மணி நேரம் ஓட்டியதற்கு என்னிடம் பதில் இல்லை. இனி ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் காரணம் தெரியும்வரை அந்த நடவடிக்கை அன்றைக்கு முடிந்தது.

அமைச்சிலிருந்து புகாருக்கு எண் வந்தது. மாதிரி கேட்டு ஓர் அதிகாரி போன் செய்தார். உறை பிரிக்காமல் வைத்திருந்தது ஏதாவது உண்டா என்றார். திரும்பக் கொடுத்த 26இல்தான் அவை எல்லாம் இருந்தன. ஒன்றைக்கூட எடுத்து வைக்கவில்லை. தவுக்கேவிடம் கேட்டேன். கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்து, ஒன்றை எடுத்து, பழைய நாளிதழில் சுற்றிக் கொடுத்தார்; காசு வாங்கவில்லை.